டபிள் பெல்

என் தங்கச்சி பேச்சியின் பள்ளிக்கூடத்துக்குக் கூரை போட, ஒரு நாள் முழுக்க பஸ் ஓட்டிப் பணம் பிரிப்பது என்று முடிவானதும் முதல் சண்டை பேனரில்தான் ஆரம்பித்தது. பஸ் முதலாளிக்குத் தன் போட்டோ வேண்டும். கவுன்சிலருக்கும் வேண்டும். இரண்டு பேரும் ஆளுயரத்துக்குச் சிரித்துக்கொண்டு நிற்க, மலையில் படிக்கிற பிள்ளைகள் அடியில் ஒரு மூலையில் தீப்பெட்டி அளவுக்குக் கிடந்தார்கள். "இதுல பிள்ளைங்க எங்க இருக்கு? பூதக்கண்ணாடி வச்சுத் தேடணுமா?" என்று பிரஸ்ஸிலேயே கேட்டுவிட்டேன். பக்கத்தில் நின்ற என் புருஷன் மாரிச்செல்வம் என் கையைப் பிடித்து அமுக்கினார். "வாய வச்சுக்கிட்டு சும்மா இரு வள்ளி. வண்டி அவரோடது" என்றார். அது வாஸ்தவம்தான். வண்டி அவருடையது என்பதால் நான் வாயை மூடிக்கொண்டேன்.

வாயை மூடுவது எனக்கு லேசான காரியம் இல்லை. மட்டாஞ்சேரி சந்தையில் சின்ன உள்ளிக் கடை வைத்திருக்கிறேன். அமுதவள்ளி கடை என்றால் யாருக்கும் தெரியாது, 'அந்த வாய்க்காரத் தமிழ்ச் சேச்சி' என்றால் சுமட்டுத் தொழிலாளி முதல் போலீஸ்காரர் வரை வழி சொல்லுவார்கள். சங்கரன்கோவில் பக்கமிருந்து கல்யாணமாகி இங்கே வந்தேன். என் புருஷன் மட்டாஞ்சேரி, காக்கநாடு ரூட்டில் ஓடும் 'புலரி' பஸ்ஸில் இருபது வருஷமாகக் கண்டக்டர்.

கேரளத்துப் பிரைவேட் பஸ்காரர்களிடம் ஒரு நல்ல வழக்கம் உண்டு. ஒருத்தருக்குக் கிட்னி போய்விட்டது, ஒருத்தர் வீடு இடிந்துவிட்டது என்றால் ஒரு நாள் பஸ்ஸைக் 'காருண்ய யாத்திரை' என்று ஓட்டுவார்கள். அன்றைக்கு டிக்கெட் கிடையாது. கண்டக்டர் தோள் பையைக் கழற்றி வைத்துவிட்டு பிளாஸ்டிக் பக்கெட்டைத் தூக்கிக்கொண்டு வருவார். பத்து ரூபாய்த் தூரம் போகிறவர் நூறும் போடலாம், ஒன்றும் போடாமலும் இறங்கலாம். டிரைவரும் கண்டக்டரும் அன்றைக்குச் சம்பளம் வாங்கமாட்டார்கள். டீசல் காசு போக மிச்சமெல்லாம் அந்தக் காரியத்துக்கு. மலையிலிருக்கும் பள்ளிக்கூடத்துக்காக ஓடப்போவது இதுதான் முதல் தடவை என்று முதலாளி ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். அதற்குச் சம்மதிக்க வைக்க நானும் என் புருஷனும் தை மாதத்திலிருந்து அவர் வீட்டு வாசலில் தவம் கிடந்தது மட்டும் அவர் வாயில் வரவில்லை.

பேச்சி இருப்பது இடுக்கி மலையில் மேட்டுச்சோலைக்குடி. ஜீப் வரும் ரோட்டிலிருந்து காட்டுக்குள் ஏறி நடக்க வேண்டும். ஊர்க்காரர்களே கல் சுமந்து கட்டின ஒற்றை அறைதான் பள்ளிக்கூடம். அதில் அஞ்சாம் வகுப்பு வரைக்கும் தமிழில் சொல்லிக் கொடுக்கிறாள். தைமாசக் காற்றில் கூரைத் தகரம் மொத்தமும் பிய்த்துக்கொண்டு போய்ப் பள்ளத்தில் விழுந்துவிட்டது. தார்ப்பாயைக் கட்டிக்கொண்டு பாடம் நடத்தினாள். பஞ்சாயத்திலிருந்து எஞ்சினீயர் வந்து பார்த்தார். ஜூனுக்குள் முழுக் கூரை போட்டுக் காட்டினால் ஃபிட்னஸ் சர்ட்டிபிகேட் தருவேன், இல்லாவிட்டால் திறக்கக் கூடாது, பிள்ளைகளைக் கீழே ஹாஸ்டலில் சேர்த்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். ஆறு வயசுப் பிள்ளையை ஹாஸ்டலில் விட எந்தத் தாய்க்கு மனசு வரும்? பாதிப் பேர் படிப்பையே நிறுத்திவிடுவார்கள், அதிலும் பொம்பளப் பிள்ளைகளை முதலில் நிறுத்துவார்கள் என்று சொல்லி பேச்சி ஃபோனில் அழுதாள். கோடை மழை வலுத்தால் ஜீப் மேலே ஏறாது. அதற்குள் தகரமும் கம்பியும் போய்ச் சேர்ந்தாக வேண்டும். எங்கள் பஸ் வசூலை நம்பி அவள் கீழே டவுனில் ஒரு கடையில் தகரத்துக்குச் சொல்லியும் வைத்துவிட்டாள்.

என் புருஷன் நல்ல மனுஷன், அதையும் சொல்லிவிட வேண்டும். குடி கிடையாது, கடன் கிடையாது. கொழுந்தியாள் பள்ளிக்கூடத்துக்காக யார் யார் காலிலோ விழுந்து இந்த யாத்திரையை ஏற்பாடு பண்ணினவர் அவர்தான். ஆனால் யூனிஃபார்மைக் கண்டால் அவருக்கு ஆகாது. பள்ளிப் பிள்ளைகளுக்கு பஸ்ஸில் கன்செஷன், ஒரு ரூபாய் ரெண்டு ரூபாய்தான். கண்டக்டர்மார் ஸ்டூடண்ட் என்பதைச் சுருக்கி அவர்களை 'எஸ்டி' என்பார்கள், அதற்குமேல் பேர் ஊர் கிடையாது. கலெக்ஷனைப் பார்த்துத்தான் பேட்டா என்பதால் பத்து எஸ்டி ஏறினால் பத்து முழு டிக்கெட் போச்சு என்பது அவர்கள் கணக்கு. அதனால் பிள்ளைகள் படிக்குக் கீழே வரிசையில் நிற்க வேண்டும். பெரியவர்கள் எல்லாரும் ஏறி, வண்டி கிளம்பப் போகும்போது தொற்றி ஏறிக்கொள்ளலாம். ஸ்டாப்பில் கூட்டமாக யூனிஃபார்ம் தெரிந்தால் அதுவும் இல்லை. ஒரு பெல் அடித்தால் வண்டி நிற்கும், ரெண்டு அடித்தால் போகும், என் புருஷன் ரெண்டு அடித்துவிடுவார். ஏன் இப்படிப் பண்ணுறீங்க என்று கேட்டால், "நீ ஒரு நாள் இந்தப் பையை மாட்டிப் பாருட்டி, அப்புறம் பேசு" என்பார்.

எங்கள் மகள் ஸ்நேஹா தோப்பும்படியில் ஏழாம் வகுப்பு படிக்கிறாள். அப்பா வண்டியில் மட்டும் ஏறவே மாட்டாள். "கூட்டுகாரிங்களை எல்லாம் கீழ நிப்பாட்டிட்டு என்னை மட்டும் ஏத்துறார்ம்மா. நாணக்கேடா இருக்கு" என்பாள்.

அப்படிப்பட்டவள் அந்த வியாழக்கிழமை அப்பா வண்டியில் ஏறுவதாகச் சொல்லியிருந்தாள். அவளும் அவள் வகுப்புப் பெண்களும் சேர்ந்து சித்தி பள்ளிக்கூடத்துக்காக ஒரு பால்பொடி டின்னில் காசு சேர்த்திருந்தார்கள். காலையில் இரண்டாவது டிரிப்பில், அரண்மனை ஸ்டாப்பில் எல்லாரும் ஏறி, டின்னைப் பக்கெட்டில் கவிழ்த்துவிட்டு, தோப்பும்படியில் இறங்கி ஸ்கூலுக்குப் போவது என்று ஏற்பாடு. அன்றைக்கு அவர்களுக்குக் கணக்குப் பரீட்சை. "பிள்ளைங்க நிப்பாங்க, ஞாபகம் இருக்கட்டும்" என்று விடிகாலையிலேயே இவரிடம் சொன்னேன். "எத்தனை வாட்டி சொல்லுவ? தெரியும்" என்றார்.

முதல் டிரிப்பிலேயே எனக்கு வயிறு எரிய ஆரம்பித்துவிட்டது. ஆறு மணிக்குக் கொடியசைக்க வேண்டிய கவுன்சிலர் ஏழு தாண்டித்தான் வந்தார். ஹார்பருக்குப் போகிற கூட்டம் அத்தனையும் மற்ற வண்டிகளில் போய்விட்டது. அதற்குப் பிறகும் மனுஷன் விடவில்லை, கொடியை வைத்துக்கொண்டு மலைக்கும் கடலுக்கும் உள்ள பந்தத்தைப் பற்றிப் பேசிக்கொண்டே நின்றார். டிரைவர் அனில் ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்துத் தூங்கியே போனான். ஒரு வழியாக வண்டி கிளம்பியபோது முன் வாசலில் நான் ஒரு பக்கெட், பின் வாசலில் இவர் ஒரு பக்கெட்.

டிக்கெட் இல்லை என்றதும் மனுஷர்களுக்கு வருகிற குணம் இருக்கிறதே, அதைப் பார்க்கவே ஒரு தடவை காருண்ய யாத்திரை போகலாம். ஒருத்தர் ஐநூறு ரூபாய் நோட்டைப் போட்டுவிட்டு, பக்கெட்டுக்குள் கையை விட்டு நானூற்றெண்பதைத் திருப்பி எடுத்துக்கொண்டார். "இது பக்கெட்டு, பெட்டிக்கடை கல்லா இல்ல" என்றேன். முறைத்தார். ஒரு அம்மா பள்ளிக்கூடம் எங்கே என்று விசாரித்து, எத்தனை பிள்ளைகள் என்று விசாரித்து, பேச்சிக்குக் கல்யாணம் ஆகிவிட்டதா என்பது வரை விசாரித்து, காலணா போடாமல் இறங்கிப் போனார். ஆனால் தோப்பும்படியில் மீன் அலுமினியப் பாத்திரங்களோடு ஏறின சேச்சிமார் ஒன்றுமே கேட்கவில்லை. ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு மடியிலிருந்து நோட்டாக எடுத்துப் போட்டார்கள். அதில் மீன் நாற்றம் அடித்தது, இருக்கட்டும், பேச்சியின் தகரத்துக்கு நாற்றம் ஒட்டவா போகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

இரண்டாவது டிரிப் மட்டாஞ்சேரியிலிருந்து கிளம்பும்போது கூட்டம் நெரிந்தது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அரண்மனை ஸ்டாப்பில் பிள்ளைகள் நின்றார்கள். பச்சைப் பாவாடையும் வெள்ளைச் சட்டையுமாக ஏழெட்டுப் பேர். ஸ்நேஹா முன்னால் நின்றாள், டின்னை இரண்டு கையாலும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு. இறங்குகிறவருக்காக ஒரு பெல் அடித்து வண்டி நின்றது. ஒரு பெரியவர் இறங்கினார், இரண்டு பெண்கள் ஏறினார்கள். பிள்ளைகள் பின் வாசல் பக்கம் நகர்ந்து, படிக்குக் கீழே வரிசையில் நின்றார்கள். அவர்களை அப்படித்தான் பழக்கி வைத்திருக்கிறோம். பெரியவர்கள் ஏறி முடியட்டும் என்று அந்தப் பிள்ளைகள் மரியாதையாகக் காத்து நின்றபோது டபிள் பெல் அடித்தது.

அனில் வண்டியை எடுத்துவிட்டான். பிள்ளைகள் ஓடி வருவது எனக்கு ஜன்னல் வழியாகத் தெரிந்தது. ஸ்நேஹா டின்னோடு ஓடினாள், பாதி தூரத்தில் நின்றுவிட்டாள். "வண்டியை நிறுத்து" என்று அனிலின் தோளைப் பிடித்து உலுக்கினேன். "பெல் அடிச்சல்லோ சேச்சி, ஞான் எந்து செய்யான்" என்றான். பின்னால் இன்னொரு பஸ் ஹார்ன் அடித்துக்கொண்டே முட்டுவதுபோல வந்தது. அந்த ரோட்டில் வண்டியை ஓரம் கட்டவும் முடியாது, திருப்பவும் முடியாது.

கூட்டத்தை இடித்துக்கொண்டு பின் வாசலுக்குப் போனேன். "யாரை விட்டுட்டு வந்தீங்க தெரியுமா?"

இவர் பக்கெட்டைப் பிடித்தபடி முழித்தார். "எஸ்டி நின்னுச்சு" என்றார்.

"எஸ்டி இல்ல. ஸ்நேஹா."

அவர் முகம் செத்துப்போனது. திரும்பிப் பார்த்தார், ஸ்டாப் கண்ணுக்கே தெரியவில்லை. "பச்சைப் பாவாடையைப் பாத்தேன், கை தானா போயிருச்சு வள்ளி" என்றார். "காலைல அத்தனை வாட்டி சொன்னனே" என்றேன். "இருபது வருஷமா பெல் அடிச்ச கை. அது என்னைக் கேட்டுட்டா அடிக்குது?" என்று என்மேலேயே எரிந்து விழுந்தார். எனக்கு அவரைப் பக்கெட்டாலேயே ஒரு போடு போட வேண்டும்போல இருந்தது. சுள்ளிக்கல் ஸ்டாப்பில் இறங்கித் திரும்ப ஓடுகிறேன் என்றார். கண்டக்டர் இல்லாமல் வண்டி எப்படிப் போகும்? "பிள்ளைங்க பின்னால வர்ற வண்டியில வந்நோளும்" என்றான் அனில். நானும் அதையே பிடித்துக்கொண்டேன். காக்கநாட்டில் எங்களுக்குப் பெரிய வசூல் காத்திருந்தது, என் நினைப்பெல்லாம் அங்கேதான் இருந்தது.

அந்த வசூலுக்கு ஏற்பாடு செய்தவன் சந்தீப். பாலக்காட்டுத் தமிழ்ப் பையன், மட்டாஞ்சேரியில் குடியிருந்துகொண்டு காக்கநாட்டில் கம்ப்யூட்டர் கம்பெனிக்குப் போகிறவன். என் கடையில்தான் சாம்பாருக்குச் சின்ன உள்ளி வாங்குவான். பேச்சியின் கதையைக் கேட்டுவிட்டு, ஆபீஸில் எல்லாரிடமும் பேசி, பஸ் வரும்போது மொத்தமாகத் தருகிறோம் என்று சொல்லியிருந்தான். கூரையில் பாதி அவர்கள் பொறுப்பு என்றே வைத்துக்கொள்ளலாம்.

ஸ்டாப்பில் அவன் தனியாக நின்றான். கையில் ஃபோன்.

"அக்கா, இது நம்ம பஸ் தானே?" என்று ஃபோனைக் காட்டினான். அரண்மனை ஸ்டாப்புக்கு எதிரே மொபைல் கடை வைத்திருக்கும் யாரோ எடுத்தது. முதலில் பஸ்ஸின் முகப்பில் பேனர். அதில் முதலாளியும் கவுன்சிலரும் சிரிக்கிறார்கள். அடுத்து வரிசையில் நிற்கும் பிள்ளைகள். பஸ் போகிறது. பிள்ளைகள் ஓடுகிறார்கள். என் மகள் டின்னோடு ரோட்டில் நிற்கிறாள். மேலே மலையாளத்தில் எழுதியிருந்தது: 'மலையிலெ குட்டிகள்க்கு ஸ்கூல், மட்டாஞ்சேரியிலெ குட்டிகள்க்கு டாட்டா.'

"அது எங்க மகதான் தம்பி. தெரியாம நடந்துபோச்சு" என்றேன்.

"நீங்க சொல்றேள், நான் நம்பறேன். ஆபீஸ் குரூப்ல எல்லாரும் இதைப் பாத்தாச்சு. இனிமே நான் என்னன்னு சொல்லி ஆள்காரோட்ட கேக்கறது? பள்ளிக்கூடம்னு சொல்லிட்டுப் பசங்களையே ஏத்தலைங்கறா. ரெண்டு பேர் போட்டதைத் திருப்பிக் கேக்கறா." அவன் தன் பங்கை மட்டும் பக்கெட்டில் போட்டுவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் போனான்.

திரும்பி வருகிற டிரிப்பில் ஏறினவர்களெல்லாம் ஃபோனும் கையுமாக ஏறினார்கள். "நாணமில்லே சேட்டா?" என்று ஒரு பெண் இவரைக் கேட்டாள். பக்கெட்டை நீட்டினால் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்கள். ஒருத்தர் வேண்டுமென்றே ஒரு ரூபாய்க் காசைச் சுண்டிப் போட்டு, "கன்செஷன்" என்றார். பஸ்ஸே சிரித்தது. எனக்குக் கொதித்துப் போனது. தினமும் இதே ரோட்டில், இதே வண்டியில் உட்கார்ந்துகொண்டு பிள்ளைகள் ஓடுவதைப் பார்க்கிறவர்கள்தானே இவர்கள்? 'வேகம் விடு, லேட்டாகுது' என்று டிரைவரை அவசரப்படுத்துகிறவர்களும் இவர்கள்தானே? இத்தனை வருஷம் இல்லாத ரோஷம் எங்கள் பக்கெட்டைப் பார்த்ததும் வந்துவிட்டது. இதை அப்படியே சத்தமாகச் சொல்லியும் விட்டேன். அதையும் ஒருத்தன் வீடியோ எடுத்தான்.

தோப்பும்படி வருவதற்குள் முதலாளி கூப்பிட்டுவிட்டார். வண்டியை ஷெட்டில் போடச் சொன்னார். பேனரை உடனே கழற்றச் சொன்னார், அதில் அவர் முகம் இருக்கிறதே. இன்னும் நாலு டிரிப் பாக்கி, சாயங்காலக் கூட்டம் முழுசாக இருக்கிறது, மன்னிப்புக் கேட்டு ஓட்டிவிடுகிறோம் என்று நான் ஃபோனைப் பிடுங்கிக் கெஞ்சினேன். "என் பேரைக் கெடுத்தது போதும்" என்று வைத்துவிட்டார். பேரைக் கெடுத்தது நாங்களாம். எஸ்டியை ஏற்றினால் கலெக்ஷன் குறையுதே என்று மாதாமாதம் கண்டக்டரைக் கூப்பிட்டுக் குடைகிறவர் யாரோ?

மத்தியானமே இரண்டு பக்கெட்டும் ஷெட்டு மேஜைமேல் வந்துவிட்டன. டீசல் காசை எடுத்துக்கொண்டு மீதியைத் தந்தார்கள். தகரத்துக்கு வேண்டியதில் பாதிகூட வரவில்லை. நானும் இவரும் ஒருவரோடு ஒருவர் பேசாமல் வீட்டுக்கு நடந்தோம். பேசாமல் என்றால் அவர் பேசவில்லை, நான் வழி முழுக்கப் பேசினேன்.

வீட்டில் ஸ்நேஹா எங்களுக்கு முன்பே வந்து, யூனிஃபார்மைக்கூட மாற்றாமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்து புத்தகம் படித்துக்கொண்டிருந்தாள். சாப்பிடக் கூப்பிட்டேன், வரவில்லை. கூட்டாளிகள் முன்னால் அவமானமாகிவிட்டதே, அந்தக் கோபம், நாளைக்குச் சரியாகிவிடும் என்று நினைத்தேன். "அப்பா வேணும்னு செய்யலட்டி" என்று மட்டும் சொன்னேன். அவள் பக்கத்தைத் திருப்பினாள். எனக்கு அவளைச் சமாதானம் பண்ணப் பொழுதில்லை. பாக்கிப் பணத்தை யாரிடம் கேட்பது, சந்தையில் சீட்டு எடுக்கலாமா, உள்ளி மண்டிக்காரரிடம் முன்பணம் கிடைக்குமா என்று ஒவ்வொருத்தராக ஃபோன் போட்டுக்கொண்டிருந்தேன். எல்லாரும் வீடியோவைத்தான் பேசினார்கள்.

சாயங்காலம் விளக்கேற்றுகிற நேரத்துக்கு பேச்சி கூப்பிட்டாள். ஊருக்கு மேலே ஒரு பாறையில் ஏறினால்தான் அவளுக்குச் சிக்னல் கிடைக்கும். அங்கே வீடியோ எதுவும் போய்ச் சேராது. குரலில் அவ்வளவு உற்சாகம்.

"எக்கா, எப்படி ஓடுச்சு? கடைக்காரரு நாளைக்குத் தகரம் ஏத்தட்டான்னு கேக்காரு. ஜீப்புக்கும் சொல்லிட்டேன்."

எனக்கு வாய் வரவில்லை. சந்தையையே அடக்குகிற வாய். ஃபோனை ஸ்பீக்கரில் போட்டு இவர் முன்னால் வைத்தேன். "நீங்களே சொல்லுங்க" என்றேன்.

இவர் ஃபோன் பக்கம் குனிந்தார். "பேச்சி, காசு தேறலம்மா. பாதிகூட இல்ல. என்னாலதான்" என்றார். அப்புறம் ஒன்றுவிடாமல் சொன்னார். பெல் அடித்ததை, பிள்ளைகள் ஓடி வந்ததை, வீடியோவை, முதலாளி வண்டியை ஷெட்டில் போடச் சொன்னதை. லைன் போய்விட்டதோ என்று நான் ஃபோனை எடுத்துப் பார்த்தேன்.

"அத்தான்" என்றாள் கடைசியில். "பிள்ளையளுக்குப் பரீட்சைன்னு சொன்னீங்களே. நேரத்துக்குப் போய்ச் சேந்தாளுவளா?"

இவர் என்னைப் பார்த்தார். நான் இவரைப் பார்த்தேன். காலையிலிருந்து எத்தனை பேரிடம் பேசியிருப்பேன். எத்தனை பேரைத் திட்டியிருப்பேன். பெற்ற மகளிடம் இதை ஒரு வார்த்தை நான் கேட்கவில்லை. வீடியோ பார்த்து எங்களைக் கிழித்தவர்களில் ஒருத்தர்கூடக் கேட்கவில்லை.

"ஸ்நேஹா" என்றேன். "பரீட்சை எழுதினியா?"

அவள் சுவரைப் பார்த்தபடியே சொன்னாள். "லேட்டாயிருச்சு. உங்க வண்டியில வரணும்னு முன்னாடி வந்த ரெண்டு வண்டியை விட்டுட்டோம். பின்னால வந்ததெல்லாம் நிறுத்தலை. ஓடினோம். பியூன் கேட்டைப் பூட்டிட்டார். கிளாஸ் டீச்சர் வந்து கெஞ்சித்தான் உள்ள விட்டாங்க. பாதிக் கணக்கு எழுதலை."

"டின்னுல காசு இருந்துச்சேட்டி. ஒரு ஆட்டோ பிடிச்சிருக்கக் கூடாதா?" என்றார் இவர்.

அப்போதுதான் அவள் திரும்பி அவரைப் பார்த்தாள். "அது எங்க காசு இல்லப்பா. சித்தி ஸ்கூல் காசு."

ஃபோனில் காற்று இரைந்துகொண்டிருந்தது. பேச்சி மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

"அத்தான், உங்களை ஏசணும்னு சொல்லலை" என்றாள். "கீழ பெரிய பள்ளிக்கூடம் இருக்கு. ரோட்டுல ஜீப்பும் போவுது. பொறவு எதுக்கு நான் இங்க கிடந்து கூரை கூரைன்னு அழுதேன்? எங்க பிள்ளையளைக் கண்டா அந்த ஜீப்புக்காரன் நிறுத்த மாட்டான் அத்தான். அரை டிக்கெட்டுன்னு விட்டுட்டுப் போயிருவான். மழையில நனைஞ்சுக்கிட்டு நிக்கும். போன வருசம் ஆறாம் வகுப்புக்குக் கீழ இறங்கின ரெண்டு பிள்ளையள் அப்படி நின்னு நின்னே படிப்பை விட்டுச்சு." பிறகு சொன்னாள். "அரைக் கூரைக்கு ஃபிட்னஸ் தரமாட்டாங்க. பள்ளிக்கூடம் இனி திறக்காதுன்னு நாளைக்கு ஊர்க்கூட்டத்துல சொல்லிருதேன்."

நான் ஏதோ சொல்ல வாயைத் திறப்பதற்குள் லைன் போய்விட்டது. திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தேன், கிடைக்கவில்லை.

இவர் தரையில் உட்கார்ந்துவிட்டார். பிறகு அவர் மெதுவாக ஸ்நேஹாவின் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தார்.

"நாளைக்கு என்ன பரீட்சை?"

"சயன்ஸ்."

"கூட்டாளிங்களையும் வரச் சொல்லு. அரண்மனை ஸ்டாப்புல வண்டியை நிப்பாட்டி, மொதல்ல உங்களை ஏத்திட்டுத்தான் மத்தவங்களை..."

"வேண்டாம்ப்பா" என்றாள் ஸ்நேஹா. கோபமாகச் சொல்லவில்லை, வெகு சாதாரணமாகச் சொன்னாள். "நாங்க எல்லாரும் சீக்கிரம் கிளம்பி நடந்தே போறதா பேசி வச்சிருக்கோம்."